கீழிருந்து மூன்றாவது வளையம்

வீடு கட்டுகிறவன் கீழேயிருந்து மேலே போவான். தண்ணீர்த் தொட்டி கட்டுகிறவனும் அப்படித்தான். தானியத்துக்கு இரும்புக் குதிர் கட்டுகிறவனுக்கு மட்டும் எல்லாமே தலைகீழ். முதலில் கூரையைத் தரையில் வைத்துப் பூட்ட வேண்டும். சுற்றிலும் ஜாக்கிகளை நிறுத்தி அதைத் தூக்க வேண்டும். தூக்கிய இடைவெளியில் தகடுகளை வளைத்து ஒரு வளையம் மாட்டி, மறுபடி தூக்கி, அதன் அடியில் அடுத்த வளையம். கடைசியாக மாட்டுவதுதான் தரையில் உட்காரும். மேஸ்திரிக்கு இந்த முறை முதல் நாளே பிடிக்கவில்லை.

"குழந்தைகூடத் தலைகீழாத்தான் வருது. அதுக்காக அப்படியேவா நடக்க விடுறோம்?" என்று ஆட்களிடம் சொன்னார். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

காலமெல்லாம் கொட்டகையும் தொட்டியும் போட்டுப் பழகிய கை அவருடையது. போல்ட் முடுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பேர். அந்தப் பேரோடுதான் தானியக் கிடங்குக்குக் கூரை மாற்றப் போனார். போன இடத்தில், அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த மகளைக் கிடங்குக்காரரின் ஒரே பையன் பார்த்தார். பிடித்துப்போனது. கல்யாணமும் ஆனது. கிடங்குக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியதெல்லாம் அவருடைய சொந்தக்காரர்கள்தான். கொட்டகை போடுகிறவன் பெண் என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. முதல் வருஷம் வாயைத் திறக்காமல் அடுப்படியில் இருந்தாள். அடுத்த வருஷம் எடைமேடை அறையில் இருந்தவர் வேலையை விட்டு நின்றுவிட, "நான் உட்கார்றேன் மாமா" என்று போய் உட்கார்ந்தாள். லாரியின் எடையைப் படிப்பது, மூட்டையில் கம்பியைக் குத்தி மணியை எடுத்து ஈரம் பார்ப்பது, நனைந்த சரக்கைக் காய்ந்த சரக்கென்று சாதிக்கிறவனைச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவது எல்லாம் தானாகவே கற்றுக்கொண்டாள். கிடங்குச் சாவி இப்போது அவள் இடுப்பில். அதே சொந்தக்காரர்கள் இப்போது "மருமகளைக் கேளுங்க" என்கிறார்கள். மேஸ்திரி தனியாக இருக்கும்போது அந்த வார்த்தையைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். மகள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும். அவருக்கு வேறு பேராசை கிடையாது.

போன அறுவடையில் கிடங்கு நிரம்பிப்போய், மக்காச்சோளத்தை முற்றத்தில் மலையாகக் கொட்டித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். பெய்த மழையில் மலை முழுக்க முளைவிட்டுப் பச்சைப்பசேல் என்றாகிவிட்டது. கிடங்குக்காரர் அதன் முன்னால் நின்று, "தோட்டம் பிரமாதம், வேலி போடுங்கடா!" என்று கத்தினார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் விரிவாக்கம். இரண்டு இரும்புக் குதிர்கள், லாரி வந்து கொட்டப் பெரிய குழி, குழியிலிருந்து மணியை உச்சிக்கு அள்ளிப்போக வாளிச் சங்கிலி, குதிர்களுக்கு அடியில் ஆள் குனிந்து போகும் சுரங்கம், அதற்குள் சரக்கை வெளியே கொண்டுபோகும் பெல்ட். தகடு விற்ற கம்பெனி தன் ஆட்களையே அனுப்புவதாகச் சொன்னது.

"வெளியாள் எதுக்கு? எங்க சம்பந்தி இருக்கும்போது!" என்று கிடங்குக்காரர் சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் முழங்கினார்.

மேஸ்திரி ஒப்புக்கு வேண்டாம் என்றார். இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தபோது மகளின் முகத்தைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தில் இருந்த பெருமைக்காக அவர் குதிர் என்ன, கோபுரமே கட்டியிருப்பார்.

முதல் குதிருக்குக் கம்பெனி இன்ஜினியர் கூடவே இருந்தார். தகடுகள் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். ஓட்டைகளும் அதே இடத்தில்தான். வித்தியாசம் தடிமனில் மட்டும். மேலே போகப்போக மெலிசு, கீழே வரவரத் தடிப்பு. உள்ளே கொட்டிய மணி சுவரோடு உரசி இறங்கும்போது அந்தப் பாரமெல்லாம் கீழ்வளையங்களின் தலையில்தான் விடியும். மொத்தம் ஒன்பது வளையம். மாட்டுகிற வரிசைப்படி மேலேயிருந்து எண்ணுவது கம்பெனி வழக்கம். கூரைக்கு அடுத்தது ஒன்று, தரையில் உட்காருவது ஒன்பது. ஒவ்வொரு வளையத்துக்கான தகட்டுக் கட்டிலும் எண் அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கும். குதிர் நிமிர்ந்து நின்றதும் இன்ஜினியர் மேஸ்திரியின் கையைக் குலுக்கி, "இனிமே நான் எதுக்கு?" என்று கிளம்பிப் போனார். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. அந்தக் குதிர் இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது.

இரண்டாவதுக்குத் தகடு வந்த அன்று நல்ல மழை. இரண்டு கட்டுகளில் சீட்டு ஊறிக் கழன்று எங்கேயோ போய்விட்டது. மேஸ்திரி அசரவில்லை. தகட்டு ஓரத்தில் அளவுக்கருவியை வைத்துப் பார்த்தார். ஒரு கட்டு தடிப்பு, கீழ்ப்பக்கம் போக வேண்டியது. மற்றது மெலிசு, மேல்பக்கம் போக வேண்டியது. எது எந்த இடம் என்பது அவருக்கு அத்துப்படி. பெயின்ட்டைத் தொட்டுத் தடிப்பான கட்டில் 3 என்று எழுதினார். மெலிசானதில் 7 என்று எழுதினார்.

அளந்ததில் தப்பில்லை. இடத்தைக் கண்டுபிடித்ததிலும் தப்பில்லை. கீழேயிருந்து மூன்றாவது வளையம், கீழேயிருந்து ஏழாவது வளையம். தொட்டி கட்டுகிறவன் கை தரையிலிருந்துதான் எண்ணும். கம்பெனி வழக்கம் அந்த நேரத்தில் அந்தக் கைக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

மாட்டுகிற வேலை தொடங்கியபோது எழுதியது அவருக்கே மறந்துவிட்டது. ஆட்கள் எண்ணைப் பார்த்தார்கள், மேலேயிருந்து வரிசையாக எடுத்தார்கள், மாட்டினார்கள். மூன்றாவது வளையம் ஏறும்போது குட்டையன் என்று எல்லாரும் கூப்பிடும் ஆள் மட்டும் தகட்டைத் தோளில் வாங்கி முகத்தைச் சுளித்தான்.

"மேஸ்திரி, மேல போறது இவ்வளவு கனமாவா இருக்கும்?"

"காலைல சாப்பிடாம வந்தா காகிதம்கூடக் கனக்கும். முடுக்குடா."

எல்லாரும் சிரித்தார்கள். குட்டையனும் சிரித்துவிட்டு முடுக்கினான்.

கடைசி வளையம் தரையில் உட்கார்ந்தது. ஜாக்கிகளைக் கழற்றி வண்டியேற்றி அனுப்பியாகிவிட்டது. மேஸ்திரி ஸ்பேனரும் டார்ச்சுமாக உள்ளே நுழைந்து கடைசிச் சுற்று வந்தார். எவன் முடுக்கியிருந்தாலும் தன் கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுவது அவர் பழக்கம். சுவரோடு போகும் ஏணியில் ஏறி, கீழிருந்து மூன்றாவது வளையத்தைத் தடவியபோது உள்ளங்கையில் ஏதோ குத்தியது. நட்டைத் தாண்டி போல்ட்டின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து போல்ட்டும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. தடித்த தகடு போல்ட்டின் நீளத்தைத் தின்றுவிடும். தகடு மெலிசாக இருந்தால்தான் வால் மிஞ்சும். பரபரவென்று மேலே ஏறினார். மேலிருந்து மூன்றாவது வளையத்தில் போல்ட் நட்டின் விளிம்பைத் தாண்டவே மாட்டேன் என்றது. கனமான தகடு அங்கே உட்கார்ந்திருந்தது.

இறங்கிவந்து தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி" என்றார். காலிக் குதிர் அதை வாங்கி அவருக்கே திருப்பிச் சொன்னது.

கழற்றிப் பூட்டுவதென்றால் ஜாக்கிகள் திரும்ப வர வேண்டும், வளையம் வளையமாக மறுபடி இறக்க வேண்டும். வயலெல்லாம் கதிர் காய்ந்து நின்றது. அறுவடைக்குள் முடிகிற காரியம் இல்லை.

எடைமேடை அறைக்குப் போனார். மகள் ஈரம் பார்க்கும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, முகமே சரியில்ல?"

ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்தான்."

"மாமாகிட்ட சொல்லாதீங்க. அவர் ஒரு கத்து கத்திட்டு மறந்துடுவார். மத்தவங்க மறக்க மாட்டாங்கப்பா. கொட்டகைக்காரன் புத்தியக் காட்டிட்டான்னு அடுப்படி வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போவாங்க. நான் திரும்ப அங்கேருந்து ஆரம்பிக்கணும்."

"ஏதாவது ஆயிட்டா என்னம்மா பண்றது?"

"அவர்கிட்ட மட்டும் சொல்லுவோம். அவர் பார்த்துப்பார்."

அவர் என்றால் அவள் புருஷன். மாப்பிள்ளை பரம சாது. அப்பா போட்ட சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, அவருக்குச் சத்தம் போடவே வராது. மேஸ்திரிக்கு முதலில் அது ஒரு குறையாகத்தான் பட்டது. அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாமனாருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பாதி வரைக்கும் கொட்டினா தாங்குமா மாமா?"

"பாதின்னா தாங்கும் மாப்பிள்ளை. அதுக்கு மேல ஒரு சாண்கூட வேணாம்."

"அப்ப பாதியோட நிறுத்திடுவோம். சீசன் முடியட்டும், ஏதாவது சாக்குச் சொல்லிக் கழட்டி மாட்டிக்கலாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நீங்க இதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க."

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. குதிருக்குள் போய் ஏணியின் பக்கத்தில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். மகள் டீ போட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் எடைமேடை அறையில் உட்கார்ந்து, திருட்டு மாங்காய் பங்குபோடுகிற பிள்ளைகள்போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அவர் அன்றைக்கு மனசாரப் பூரித்தார்.

அறுவடை வந்தது. கூடவே மழையும் வந்து தொலைத்தது. லாரிகள் கேட்டிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் நின்றன. முதல் குதிர் நிரம்பியது, பழைய கிடங்கு நிரம்பியது, இரண்டாவது குதிரில் சரக்கு சிவப்புக் கோட்டைத் தொட்டதும் மாப்பிள்ளை வாளிச் சங்கிலியை நிறுத்தச் சொன்னார். விவசாயிகள் தார்ப்பாய் முனையைப் பிடித்துக்கொண்டு வண்டிமேலேயே குந்தியிருந்தார்கள். ஒருவர் இறங்கிவந்து, மணியைக் கையில் அள்ளிக் காட்டி, "இன்னிக்குக் கொட்டலேன்னா முளைச்சுடும்யா" என்று கெஞ்சினார். கிடங்குக்காரர் குடைகூடப் பிடிக்காமல் முற்றத்துக்கு வந்தார்.

"ரெண்டாவது ஏன் அரை வயித்தோட நிக்குது?"

"புதுசு இல்லப்பா... முதல் வருஷம் கொஞ்சம் பார்த்து..." என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"பார்க்கிறதுக்கு என்ன, பொண்ணு பார்க்கவா வந்திருக்கோம்? அது யார் கட்டினது?" கிடங்குக்காரர் திரும்பி, பக்கத்தில் நின்ற மேஸ்திரியின் தோளில் கையைப் போட்டார். நனைந்து நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "எங்க சம்பந்தி கட்டினது! மலையையே கொட்டினாலும் தாங்கும். என்ன சம்பந்தி, தாங்கும்தானே?"

மேஸ்திரி எடைமேடை ஜன்னலைப் பார்த்தார். மகள் எழுந்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் டீ கிளாஸோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை. மாமா என்ன சொன்னாலும் சரி என்கிற மரியாதைதான் இருந்தது. அந்த மரியாதையை அவர் எப்படித்தான் மறப்பார்?

"தாங்கும் சம்பந்தி" என்றார் மேஸ்திரி.

தாங்கவும் செய்தது. அதுதான் கொடுமை. உச்சிவரை கொட்டியும் குதிர் முனகக்கூட இல்லை. மேஸ்திரி தினமும் போய்த் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வீக்கம் இல்லை, மடிப்பு இல்லை. நாம்தான் வீணாகப் பயந்தோமோ, கம்பெனிக்காரன் எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டித்தானே வைத்திருப்பான் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். மழை விட்டது. மகள் பழையபடி சிரித்துப் பேசினாள். சரக்கை இறக்கியதும் முதல் வேலையாக அதைப் பிரித்துவிடலாம் என்று மாப்பிள்ளை காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

சரக்கை இறக்குகிற நாளும் வந்தது. வாங்குகிறவர்களின் லாரிகள் காலையிலேயே வந்துவிட்டன. சுரங்கத்தில் இரண்டு ஆட்கள் பெல்ட் பக்கத்தில் நின்றார்கள். அடிக்கதவைத் திறந்தார்கள். மணி ஓட ஆரம்பித்தது. நின்ற பாரத்தைவிட நகர்கிற பாரம் சுவரை அதிகம் இழுக்கும் என்பதை இன்ஜினியர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மேஸ்திரிக்கு அது மனசில் வந்தபோது மாப்பிள்ளை ஓடிக்கொண்டிருந்தார்.

முற்றத்தில் இருந்த யாரும் எதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தார். அவர் கண் அன்று காலையிலிருந்தே கீழிருந்து மூன்றாவது வளையத்தை விட்டு நகரவில்லை. அந்த வளையத்தில் விரலால் அழுத்தியதுபோல ஒரு சின்னக் குழி. சுரங்கத்துக்குள்ளே பார்த்து, "வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று கத்தினார். வாழ்க்கையில் அவர் போட்ட ஒரே சத்தம் அது. பெல்ட் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை. இறங்கிப் போனார். இரண்டு ஆட்களும் தடுமாறி வெளியே வந்து விழுந்தார்கள். அவர்களைப் பின்னாலிருந்து தள்ளிய கை வெளியே வரவில்லை. குதிர் இடுப்பொடிந்து உட்கார்ந்தது. மக்காச்சோளம் சுரங்கத்தை மூடி, குழியை மூடி, முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குப் பரவி எடைமேடை அறையின் படிவரை வந்து நின்றது.

மேஸ்திரி கையாலேயே அள்ளினார். அள்ள அள்ளச் சரிந்தது. யாரோ அவரைப் பிடித்து இழுக்கும்வரை அள்ளினார்.

கம்பெனியிலிருந்து வந்து பார்த்தார்கள். தகடெல்லாம் கசக்கிப்போட்ட காகிதமாகக் கிடந்தது. ஈரச் சரக்கைக் கொட்டியதுதான் காரணம் என்றார்கள். மட்டமான தகடு கொடுத்த திருட்டுப் பயல்கள் என்று கிடங்குக்காரர் அவர்களை விரட்டியடித்தார். மேஸ்திரியின் பக்கம் யாரும் கையை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் கிடங்குக்காரர் ஒன்றையே சொன்னார். "ஒருத்தனும் பார்க்கலைங்க. என் பையன் ஒருத்தன்தான் பார்த்தான். தகடு பேசுறது அவனுக்குக் கேட்டிருக்கு. ரெண்டு குடும்பத்தைக் காப்பாத்திட்டுப் போயிட்டான். அப்படி ஒரு கூர்மை அவனுக்கு." சொல்லிவிட்டு மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொள்வார். "சம்பந்தி, நீங்க பார்த்தீங்க இல்ல?"

மேஸ்திரி பார்த்தேன் என்பார்.

ஒருநாள் அவரால் முடியவில்லை. அடுப்படியில் மகள் தனியாக இருந்தாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. கிடங்குக்காரர் வாங்கவில்லை.

"இன்னிக்கு சம்பந்தி கால்ல விழுந்து சொல்லிடப் போறேம்மா. என்ன வேணா பண்ணட்டும்."

அவள் திரும்பவில்லை.

"சொல்லிட்டா உங்க பாரம் இறங்கிடும். அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டார்..."

"என்னை விடுங்க. அவர் ஏன் முதல்ல பார்த்தார்னு மாமாவுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சே கொட்ட விட்டான்னு ஆயிடும். மாமாவுக்குன்னு இப்ப மிச்சம் இருக்கிறது அந்த ஒரு பேச்சுதான். அதையும் பிடுங்கிடாதீங்க." அடுப்பைத் தணித்துவிட்டு, "சொல்லாதீங்கன்னு அன்னிக்குச் சொன்னதும் நான்தான்" என்றாள்.

மேஸ்திரி வந்த வழியே திரும்பினார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த அறுவடைக்கு முன்னால் கிடங்குக்காரர் புதுத் தகடுகளை வரவழைத்தார், வேறு கம்பெனியிலிருந்து. சொந்தக்காரர்கள் தயங்கித் தயங்கி, இந்தத் தடவை வேறு யாரையாவது வைத்துக் கட்டலாமே என்றார்கள். அவருக்கு வந்த கோபத்தில் அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்.

"என் பையன் போன இடத்துல என் சம்பந்தி கை படாம வேற எவன் கை படும்?"

மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். உடம்பு முடியவில்லை என்றார், கண் தெரியவில்லை என்றார். கிடங்குக்காரர் சின்னப் பிள்ளைபோல அழுதார். அதற்கு மேல் மேஸ்திரியால் மறுக்க முடியவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார்.

கூரையைப் பூட்டி முடித்த அன்று மகள் எடைமேடை அறையைப் பூட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தாள். கையில் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும். தகட்டுக் கட்டுகளின் பக்கத்தில் போய் நின்றாள். சாவு நடந்த நாளிலிருந்து அவள் அவரிடம் தானாக வந்து பேசியதே இல்லை. குட்டையனும் மற்றவர்களும் தகட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அவர் முதல் கட்டை அளந்து எண்ணைச் சொன்னார். அவள் பிரஷ்ஷைத் தோய்த்தாள். எழுதவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மேலேருந்தா, கீழேருந்தா?"

"மேலேருந்தும்மா."

எழுதினாள். அடுத்த கட்டுக்குப் போனாள். அதற்கும் கேட்டாள். ஒவ்வொரு கட்டுக்கும் கேட்டாள். மறுநாள் தகடு ஏறும்போதும் வந்து நின்று, குரலை உயர்த்தாமல், அதே கேள்வியைக் கேட்டாள். குதிர் கட்டி முடியும்வரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.